வளைந்தது தந்தமா, மாதாவா?

பாரீஸில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கிய தந்த மாதா சிலைகளைப் பற்றிப் படிக்கப் போனால் ஒரு வாக்கியம் அடிக்கடி எதிர்ப்படும்: யானைத் தந்தம் வளைவானது, அதனால்தான் மாதாவும் இடுப்பை ஒரு பக்கம் தள்ளி வளைந்து நிற்கிறாள். கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் விளக்கம். பொருளே வடிவத்தைத் தீர்மானித்துவிட்டது என்று சொல்லும்போது சிலை முழுவதும் புரிந்துவிட்டது போன்ற நிறைவு வந்துவிடுகிறது. ஆனால் தந்தத்தை எப்படி அறுப்பார்கள், எந்தத் துண்டில் எது கிடைக்கும் என்ற கணக்கோடு பார்த்தால் அந்த விளக்கம் கால் ஊன்றி நிற்பதில்லை. முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை, முழு உண்மை என்று கொள்ளவும் முடியவில்லை. எந்த அளவு வரை உண்மை, எந்த அளவுக்குக் கீழே பொய் என்பதுதான் கேள்வி. அதை அளந்தே சொல்லலாம்.

இந்த விளக்கத்துக்கு எல்லோரும் சாட்சியாகக் காட்டுவது லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சேந்த்-ஷப்பெல் மாதா. ஏறக்குறைய 41 செ.மீ. உயரம், 1260களின் வேலை. பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி பாரீஸ் அரண்மனைக்குள் கட்டிய சேந்த்-ஷப்பெல் கோயிலுக்குச் சொந்தமாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கோயிலின் சொத்துப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரே தந்தத்தில் எடுத்த உருவம், அந்தத் தந்தத்தின் வளைவு உடம்போடு ஓடுவது கண்ணுக்குத் தெரியும். இந்த ஒரு சிலைக்கு அந்த வாக்கியம் பொருந்துகிறது. சிக்கல் என்னவென்றால், இதைப் பார்த்து எழுதிய வாக்கியத்தை ஒரு சாண் உயரமுள்ள சிலைகளுக்கும் அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

தந்தத்துக்குள்ளே

தந்தம் யானையின் மேல்தாடை வெட்டுப்பல். வெளியே மரப்பட்டை போல சிமென்ட்டம் என்னும் மெல்லிய படலம், கொஞ்சம் பழுப்பு, சொரசொரப்பு. அதற்குள் இருப்பதுதான் செதுக்கும் பொருள், டென்டைன். தாடைக்குள் புதைந்திருந்த அடிப்பக்கம் கூம்பு வடிவில் குடைந்திருக்கும். யானை உயிரோடு இருக்கையில் அங்கே இருந்தது பற்கூழ். பெரிய தந்தத்தில் நீளத்தின் மூன்றில் ஒரு பங்குவரை இப்படி வெறுங்கூடாகப் போய்விடும். குடைவு முடியும் இடத்திலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புக்கால் ஒன்று ஓடும். குறுக்கே அறுத்தால் நடுவில் ஒரு கரும்புள்ளியாகவும், நெடுக்கே அறுத்தால் ஒரு கருங்கோடாகவும் தெரியும். டென்டைன் வளர்வது உள்ளிருந்து, அடுக்கடுக்காக. கடலைப் பொட்டலக் கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்தது போன்ற அமைப்பு. பழைய தந்தம் வெடிக்கும்போது இந்தக் கூம்புகளின் விளிம்போடுதான் பிளக்கிறது. வெங்காயத் தோல் போல உரியவும் செய்யும்.

குறுக்கு அறுப்பில் இன்னொன்றும் தெரியும்: ஒன்றை ஒன்று வெட்டிச் செல்லும் வளைகோடுகள், ஷ்ரேகர் கோடுகள். வெளிவிளிம்புக்கு அருகே இவை சந்திக்கும் கோணம் யானைத் தந்தத்தில் 115 பாகைக்கு மேல் விரிந்திருக்கும். அழிந்துபோன மாமத் யானையின் தந்தத்தில் 90 பாகைக்கும் குறைவு. எலும்பில் இந்தக் கோடுகளே கிடையாது. அங்கே இரத்தக் குழாய்கள் ஓடிய நுண்துளைகள் சிறு கீறல்களாகத் தெரியும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது என்றொரு பழைய வழி உண்டு. அது சிலையில் வடு போடும் வேலை. பூதக்கண்ணாடியும் சாய்வெளிச்சமும் போதும்.

பாரீஸ் பட்டறைகள் விரும்பியது ஆப்பிரிக்க யானையின் தந்தத்தை. காரணம் அகலம். 12 செ.மீ. அகலமுள்ள பலகை எடுக்க வேண்டுமென்றால் அறுக்கும் இடத்தில் தந்தத்தின் விட்டம் அதற்கு மேல் இருந்தாக வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து செங்கடல் வழியாக எகிப்துக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடலுக்கும் தந்தம் வந்தது. 1270களின் பிற்பகுதியிலிருந்து ஜெனோவா நகரக் கப்பல்கள் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி நேராக வடகடல் துறைமுகங்களுக்குப் போகத் தொடங்கின. கம்பளித் துணிக்குச் சாயம் பிடிக்க வைக்கும் படிகாரம்தான் அந்தப் பாதையின் பெரும் சரக்கு. அதே கப்பல்களில் தந்தமும் ஏறிக்கொண்டது. சாயத் தொழில் இவ்வளவு படிகாரம் கேட்காமல் இருந்திருந்தால் பாரீஸில் இத்தனை மாதாக்கள் உருவாகியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய தந்தம் அரிதானபோது இத்தாலியின் எம்ப்ரியாக்கி பட்டறை எலும்புத் துண்டுகளை அடுக்கி ஒட்டிப் பலிபீடங்களே செய்தது.

வளைவை அளப்பது

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். தந்தத்தின் வளைவை ஒரு பெரிய வட்டத்தின் வில் என்று எடுத்துக்கொள்ளலாம். துண்டின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலின் நடுவுக்கும் துண்டின் நடு அச்சுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அதுதான் வளைவு. கணக்கும் எளிது: துண்டின் நீளத்தை வர்க்கப்படுத்தி, வட்டத்தின் ஆரத்தை எட்டால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். ஆரம் தந்தத்துக்குத் தந்தம் மாறும். ஒரு எடுத்துக்காட்டுக்கு 80 செ.மீ. என்று வைப்போம். 41 செ.மீ. நீளத் துண்டில் வளைவு ஏறக்குறைய 2.6 செ.மீ. அது பெரியது, சிற்பி அதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும், இல்லையென்றால் சிலையை ஒடுக்க வேண்டும். 25 செ.மீ. நீளத்தில் அதே தந்தம் 1 செ.மீ.தான் விலகுகிறது. 15 செ.மீ. நீளத்தில் வெறும் மூன்றரை மில்லிமீட்டர்.

நீளம் பாதியானால் வளைவு பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது. வீட்டு வழிபாட்டுக்கென்று செய்த மாதா சிலைகளில் ஏராளமானவை 25 செ.மீ.க்குக் கீழே இருப்பவை. 15 செ.மீ. மாதா ஒருத்தி இடுப்பைத் தள்ளி, முழங்காலை மடித்து, தோளை எதிர்ப்பக்கம் சாய்த்து நிற்கிறாள் என்றால், அந்த ஒயிலுக்கு மூன்றரை மில்லிமீட்டர் எப்படிக் காரணமாகும்? இன்னும் வளைந்த தந்தத்தை எடுத்து ஆரத்தை 60 செ.மீ. ஆக்கினாலும் 15 செ.மீ. துண்டுக்கு 5 மி.மீ.யைத் தொடாது.

அளவை விட்டு வடிவத்தைப் பார்த்தாலும் இதே முடிவுதான் வருகிறது. தந்தம் ஒரே பக்கமாகத்தான் வளையும். மாதாவின் நிலை இரண்டு பக்கமும் வளைவது: இடுப்பு ஒரு புறம், தோள் மறுபுறம், தலை மீண்டும் முதல் புறம். நம் ஸ்தபதிகள் திரிபங்கம் என்று சொல்லும் நிலைக்கு நெருங்கியது. ஒரே பக்கம் வளைந்த துண்டிலிருந்து இரு பக்க வளைவை எடுக்க வேண்டுமானால் இரு பக்கமும் பொருளை வெட்டித் தள்ள வேண்டும். அங்கே தந்தத்தின் வளைவு உதவி செய்யவில்லை, குறுக்கே நிற்கிறது.

தந்தத்தை அச்சில் திருப்பி வைக்கும் உரிமை சிற்பிக்கு எப்போதும் உண்டு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். துண்டை மேசையில் நிறுத்தி, வளைவு பக்கவாட்டில் வரும்படி திருப்பினால் மாதா ஒரு பக்கம் சாய்வாள். கால் வட்டம் திருப்பினால் அதே வளைவு முன்பின்னாகப் போய்விடும். அப்போது முன்னிருந்து பார்ப்பவருக்கு நேராக நிற்பது போலவும், பக்கத்திலிருந்து பார்த்தால் குழந்தையின் பாரத்தைச் சமாளிக்க முதுகைப் பின்னே தள்ளியவள் போலவும் தெரிவாள். வளைவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முதல் உளியடிக்கு முன்பே யாரோ முடிவெடுத்திருக்கிறார்.

தந்தமே இல்லாத மாதாக்களும் இருக்கிறார்கள். பிரான்ஸின் அமியேன் பேராலயத்தில் தெற்கு வாசல் நடுத்தூணுக்கென்று செய்த மாதா கல்லில் செதுக்கியவள். 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இடுப்பைத் தள்ளித்தான் நிற்கிறாள். அரசி ழான் தெவ்ரூ 1339இல் சேன்-தெனி மடத்துக்குக் கொடுத்த மாதா வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியது, பீடத்தோடு 70 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு; அவளும் வளைந்துதான் நிற்கிறாள். கல்லிலும் வெள்ளியிலும் எந்த வளைவும் கிடையாது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி தந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே பட்டறைகள் செய்த இருமடிப் பலகைகளை, அதாவது கீல் வைத்துப் புத்தகம் போல மூடித் திறக்கும் ஜோடிப் பலகைகளைப் பாருங்கள். ஒரு செ.மீ. தடிமனுக்கு அறுத்து, அரம் போட்டுத் தட்டையாக்கிய பலகை. வளைவின் சுவடே கிடையாது. அந்தத் தட்டைப் பலகையில், உச்சி கூரான வாசல் போலச் செதுக்கிய கூர்வளைவுக்குக் கீழே, இரண்டு தேவதூதர் மெழுகுவர்த்தி பிடித்து நிற்க நடுவில் மாதா நிற்பாள். அவளும் அதே இடுப்பை, அதே பக்கம் தள்ளியிருப்பாள். வளைவு தந்தத்திலிருந்து வந்தது என்றால் இந்தப் பலகையில் எங்கிருந்து வந்தது? இந்த இடத்தில்தான் பழைய விளக்கம் எனக்கு முற்றிலும் கைவிட்டுப் போகிறது. பாரீஸ் அந்தக் காலத்தில் பெண்மையும் தாய்மையும் இப்படித்தான் நிற்கும் என்று முடிவு செய்திருந்தது. கல்லிலும் வெள்ளியிலும் ஓவியத்திலும் அப்படியே நிறுத்தியது. பெரிய தந்தத்தில் மட்டும், பொருளின் வளைவும் அந்த விருப்பமும் ஒரே திசையில் போகும்படி தேர்ந்த கை ஒன்று துண்டைத் திருப்பி வைத்தது.

தந்தம் உண்மையில் தீர்மானித்தவை

அப்படியானால் தந்தம் எதையும் கட்டுப்படுத்தவில்லையா என்றால், நிறையவே கட்டுப்படுத்தியது. ஆனால் அவை முன்னிருந்து பார்த்தால் தெரியாத இடங்கள். சிலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். கரும்புள்ளி அடிப்பரப்பின் நடுவில் இருந்தால் சிற்பி முழு விட்டத்தையும் எடுத்திருக்கிறார். புள்ளி பின்விளிம்பை ஒட்டியிருந்தாலோ, இல்லாமலே போனாலோ, தந்தத்தை நெடுக்கே பிளந்து ஒரு பாதியில் செதுக்கியிருக்கிறார். அப்போது முதுகு தட்டையாக இருக்கும், சிலை பெரும்பாலும் கதவுகள் மடிந்து மூடும் ஒரு சிறு கூட்டின் நடுவில் பொருத்தச் செய்ததாக இருக்கும். அடியில் கூம்புக் குழி தெரிந்தால் அது பற்கூழ் இருந்த பகுதி. அமர்ந்திருக்கும் மாதாக்களில் இது அதிகம். உட்கார்ந்த உருவத்துக்கு அடி அகலம் தேவை, அகலம் வேண்டுமென்றால் தந்தத்தின் பருத்த முனைக்குப் போக வேண்டும், அங்கே குழி தொடங்கிவிடும். குழியின் சுவர் எங்கே மெலிகிறதோ அங்கே ஆடை மடிப்பை ஆழமாக வெட்ட முடியாது. வெட்டினால் ஓட்டை விழும். சில சிலைகளில் முழங்காலுக்குக் கீழே மடிப்புகள் திடீரென்று ஆழம் குறைந்து ஓடுவதைப் பார்த்து அலட்சியம் என்று நினைக்கக் கூடாது. உள்ளே குழி நெருங்கிவிட்டது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

முதுகில், சிம்மாசனத்தின் பின்புறத்தில், முக்காட்டின் ஓரத்தில் சில இடங்களில் பழுப்பான சொரசொரப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அது அழுக்கு இல்லை, சிமென்ட்டப் பட்டை. தந்தத்தின் வெளிவிளிம்பு வரை ஒரு மில்லிமீட்டரும் விடாமல் பயன்படுத்தியதற்கு அடையாளம். பட்டறைக்குள் வந்த தந்தம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை இந்த ஒரு திட்டு சொல்லும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்த புண்ணியவான்களும் இருந்திருக்கிறார்கள். போன சாட்சி திரும்பாது.

சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு விரித்த கைகள் வேண்டும். எந்தத் தந்தத்துக்கும் அந்த அகலம் கிடையாது. அதனால் உடல் ஒரு துண்டு, கைகள் இரண்டு துண்டு. எத்தியென் புவாலோ 1268 வாக்கில் பாரீஸ் தொழிற்குழுக்களின் விதிகளைத் தொகுத்தபோது உருவம் செதுக்குவோருக்கு இருந்த விதியும் இதுவே: பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு, மூன்று துண்டாக இருக்கலாம், மற்ற உருவங்கள் ஒரே துண்டில் இருக்க வேண்டும், கிரீடம் மட்டும் தனியாக வைக்கலாம். தோளில் முளை வைத்துப் பொருத்திய கைகள்தான் முதலில் கழன்று போகும். அருங்காட்சியகங்களில் கை இல்லாத தந்த இயேசுக்கள் இத்தனை பேர் கிடப்பதற்குக் காரணம் தோளில் இருக்கும் அந்த மூட்டுதான். இரவில் வேலை செய்யக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. செதுக்கு வேலைக்கு இரவு வெளிச்சம் போதாது என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் தவறினால் மாதாவின் மூக்கு போய்விடும் தொழிலில் அது வெறும் சம்பிரதாயமாக இருந்திருக்காது.

மூடித் திறக்கும் பலகை

வீட்டு வழிபாட்டுக்கு அதிகமாகச் செய்தவை இருமடிப் பலகைகள். அவற்றைச் செய்யும் வரிசை இப்படி இருந்திருக்கும்: தந்தத்தின் குழியில்லாத நடுப்பகுதியை நீளவாட்டில் ரம்பத்தால் அறுக்க வேண்டும். நடு அறுப்பில்தான் அதிக அகலம் கிடைக்கும். இரு பக்கமும் போகப்போகப் பலகை ஒடுங்கும். ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தின்றுவிடும். நரம்புக் கோடு முகத்தின் மேல் வந்து விழாதபடி பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பின்பக்கம் வரும்படி பலகையைத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு அரம், சுரண்டி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த துறவி தியோஃபிலஸ் தன் கைத்தொழில் நூலில் அடுத்த படியை எழுதி வைத்திருக்கிறார்: பலகை மேல் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்கி, ஈயக் குச்சியால் உருவம் வரைந்து, மெல்லிய இரும்பு முனையால் கோடுகளைக் கீறி, பிறகு உருவங்களுக்கு இடைப்பட்ட களத்தை வேண்டிய ஆழத்துக்கு வெட்ட வேண்டும். தங்கத் தகடு ஒட்ட மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சொல்கிறார்.

பலகையில் கவனிக்க வேண்டியது விளிம்பு. ஒரு செ.மீ. தடிமனில் களத்தை ஐந்தாறு மில்லிமீட்டர் குடைந்தால் உருவங்கள் நன்றாகப் புடைத்து வரும். ஆனால் இரண்டு பலகையும் முகத்தோடு முகம் மூடப் போகின்றன. உருவங்களின் உச்சி விளிம்புச் சட்டத்தின் மட்டத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும். மேலே எழும்பினால் மூடும் ஒவ்வொரு தடவையும் இடப்பலகையின் மாதாவும் வலப்பலகையின் இயேசுவும் உரசிக்கொள்வார்கள். மேலே வரிசையாக ஓடும் கூர்வளைவுகளை அலங்காரம் என்று மட்டும் பார்ப்பவர்கள் அதன் வேலையைப் பார்ப்பதில்லை. அந்த வளைவுகள் சட்டத்தின் உயரத்திலேயே நின்று, மூடும்போது எதிர்ப்பலகையைத் தாங்கி, கீழே இருக்கும் முகங்களைக் காப்பாற்றுகின்றன. திறந்து மெழுகுவர்த்திக்கு முன் சாய்வாக நிறுத்தினால் அதே வளைவுகள் நிழல் போட்டு உருவங்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுவாசோன் இருமடிப் பலகை 13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. இயேசுவின் திருப்பாடுகளை மூன்று அடுக்கில் நெருக்கி அடைத்திருக்கிறது. யூதாஸ் தூக்கில் தொங்குவதுகூட உண்டு. இந்த வகைப் பலகைகளில் கதை எங்கே தொடங்குகிறது என்பது பலகைக்குப் பலகை மாறும். மேலிருந்து இறங்குபவை உண்டு. கீழ் அடுக்கின் இடக்கோடியில் தொடங்கி, கீலைத் தாண்டி வலப்பலகைக்குப் போய், பிறகு மேல் அடுக்குக்கு ஏறுபவையும் உண்டு. சிலுவைப் பாதையில் தலத்திலிருந்து தலத்துக்கு நகர்ந்து செபிப்பவர்களுக்கு இந்தத் தாண்டல் புதிதாக இருக்காது. இங்கே நகர்வது கண் மட்டும்.

பலகையில் முதலில் பழுதாவது கீல். பலகையின் ஓரத் தடிமனில் சிறு பள்ளம் வெட்டி, உலோகக் கீலின் நாக்கைச் செருகி, குறுக்கே ஊசியாணி அடிப்பார்கள். ஒரு செ.மீ. ஓரத்தில் பள்ளம் போக இரு பக்கமும் மிஞ்சுவது மூன்று நான்கு மில்லிமீட்டர். யாராவது பலகையை அதன் கோணத்துக்கு மேல் அழுத்தித் திறந்தால் அந்த மெல்லிய உதடு பிய்ந்துவிடும். விரிசல் அங்கிருந்து தந்தத்தின் நாரோடு மேலே ஓடும். செம்பு கலந்த கீல் என்றால் சுற்றிலும் பச்சைக் கறை ஊறும், இரும்பு ஆணி என்றால் துருப்பிடித்துத் தந்தத்தை வெடிக்க வைக்கும். பழுது பார்த்தவர்கள் பழைய பள்ளத்தைத் தந்தத் துண்டால் அடைத்து, இடம் தள்ளிப் புதிய கீல் வைப்பார்கள். அந்த அடைப்புகளை எண்ணுவது நல்ல பழக்கம். இடப்பலகையில் மூன்று பழைய பள்ளமும் வலப்பலகையில் இரண்டும் இருந்தால் அவை பிறவியில் ஜோடி இல்லை. பிற்காலத்தில் யாரோ சேர்த்து விற்றிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சந்தை பெருத்தபோது முழுப் போலிகளும் புகுந்தன. காபி, தேநீர், புகை கொண்டு பழுப்பேற்றியிருப்பார்கள். குழிகளிலும் மேடுகளிலும் நிறம் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கையால் பழகிய பழுப்பு மேட்டில் ஒரு மாதிரியும் குழியில் வேறு மாதிரியும் இருக்கும்.

வெள்ளை என்ற பொய்

வளைவைப் போலவே வெண்மையும் ஒரு அரைகுறை விளக்கம். தந்தத்தின் வெண்மை கன்னிமையின் அடையாளம் என்பது அந்தக் காலத்தவர் நம்பியதுதான். உன்னத சங்கீதத்தில் தலைவியின் கழுத்தைத் தந்தக் கோபுரம் என்று பாடுகிற வரியை மாதாவுக்கு ஏற்றிச் சொன்னார்கள். நம் ஊர் மாதா பிரார்த்தனையில் ‘தந்த மயமான உப்பரிகையே’ என்று இன்றும் சொல்லி, ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்வது அந்த வரியின் தொடர்ச்சிதான். ஆனால் பாரீஸ் பட்டறையை விட்டு வெளியே போன மாதா முழு வெள்ளையாகப் போகவில்லை. முகமும் கையும் தந்தத்தின் சொந்த நிறம். கூந்தலில் தங்கம், உதட்டில் சிவப்பு, கண்ணுக்கு மை, மேலாடையின் உட்புறத்தில் நீலம் அல்லது சிவப்பு, ஓரத்தில் தங்கச் சரிகை வேலை. தோல் மட்டும் வெறுமையாக விடப்பட்டதால்தான் தந்தம் தோலாகத் தெரிந்தது. எல்லாமே வெள்ளையாகிவிட்ட பிறகு அந்த வேறுபாடு செத்துவிட்டது.

நிறம் எப்படிப் போனது என்பதும் தெரிந்த விஷயம். கொஞ்சம் தொட்டுத் தேய்ந்தது. மிச்சத்தைச் சோப்பும் தண்ணீரும் தூரிகையும் கொண்டு போய்விட்டன. வெள்ளைத் தந்தம்தான் சுத்தமான தந்தம் என்று நம்பிய காலம் அது. இன்னொரு பங்கு அச்சு எடுத்ததில் போயிற்று. 1850களில் லண்டனில் அரண்டல் சங்கம் பழைய தந்தச் சிற்பங்களின் சாந்து நகல்களை விற்பனைக்கு விட்டது. நகலெடுக்க முதலில் மூலச் சிலையில் குட்டா-பெர்ச்சா என்னும் மரப்பால் பசையைச் சூடாக அழுத்தி உரிக்க வேண்டும். ஒட்டியிருந்த வண்ணத் துணுக்கும் தங்கத் துணுக்கும் அதோடு வந்துவிடும். அந்த நகல்கள் ஐரோப்பா முழுதும் பரவி, இந்தச் சிற்பங்களைப் பற்றிய படிப்பையே வளர்த்தன என்பது உண்மை. அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிறம் போன இடத்திலும் தடம் இருக்கும். ஆடை ஓரத்தில் சாய்வெளிச்சம் போட்டால் கொடி வேலை நிழலாகத் தெரியும். தங்கம் மூடியிருந்த இடம் வெளிச்சத்திலிருந்தும் கை எண்ணெயிலிருந்தும் தப்பியதால் வேறு நிறத்தில் நின்றுவிட்டது. மடிப்பின் ஆழத்தில் உருப்பெருக்கியில் நீலத் துகள்கள் கிடைக்கும். தேய்மானத்தையும் இப்படிப் பிரித்தறியலாம்: மூக்கு, குழந்தையின் பாதம், மாதாவின் முழங்கால் மட்டும் மழமழவென்று இருந்து, பக்கத்துக் குழிகளில் வண்ணம் மிஞ்சியிருந்தால் அது விரலும் உதடும் தொட்ட தேய்மானம். மேடும் குழியும் ஒன்றாக மழுங்கி, எங்கும் வண்ணமே இல்லையென்றால் அது தூரிகை.

இன்றைக்கு இவற்றை வைத்திருப்பவர்கள் தண்ணீர் பக்கமே போவதில்லை. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருக்க வேண்டும். ஏறி இறங்கினால் தந்தம் நாரின் குறுக்கே அதிகமாகவும் நெடுக்கே குறைவாகவும் விரிந்து சுருங்கும், மெல்லிய பலகை முறுக்கிக்கொள்ளும். வண்ணம் மிஞ்சிய சிலைக்கு வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். முழு இருட்டும் வேண்டாம். இருட்டில் தந்தம் மஞ்சளாகும்.

செய்தவர்களின் பெயர் ஏறத்தாழ எதுவும் நமக்கு வரவில்லை. ஐந்தாம் சார்ல் மன்னரின் 1379-80 சொத்துப் பட்டியலில் ஒரு வரி விதிவிலக்கு: மூன்று மரியாள்களைக் காட்டும் பெரிய அழகிய தந்தப் பலகைகள் இரண்டு, ழான் லெ பிரயலியே செய்தது, பதப்படுத்திய தோல் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த ழான் பொற்கொல்லராக அறியப்பட்டவர். எழுத்தர் பெட்டியைக் குறித்து வைத்ததற்காக நன்றி சொல்ல வேண்டும். நன்றாகப் பிழைத்த பலகைகளில் பல இப்படியொரு பெட்டிக்குள் இருந்ததால்தான் பிழைத்திருக்க வேண்டும். பெட்டிகளில் மிகச் சிலவே மிஞ்சின.

ரேமோன் கெக்ளின் 1924இல் மூன்று பாகமாக வெளியிட்ட தந்தச் சிற்பப் பட்டியல்தான் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. அதற்குப் பிறகு லண்டன் கோர்ட்டால்ட் நிறுவனம் 5,000க்கும் மேற்பட்ட துண்டுகளை இணையத்தில் படங்களோடு சேர்த்துவைத்தது. அதில் பல சிலைகளுக்கு முதுகின் படமும் உண்டு; சிலவற்றுக்கு அடியின் படமும் உண்டு. அடுத்த முறை தந்தம் வளைந்ததால் மாதா வளைந்தாள் என்று எங்கேனும் படித்தால், அந்தச் சிலையின் உயரம் எத்தனை செ.மீ. என்று முதலில் பாருங்கள். பிறகு அடிப்பக்கப் படத்தைத் தேடி, கரும்புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நடுவிலா, முதுகோரமா, இல்லவே இல்லையா.